வயிற்றின் மேல் ஓர் எலுமிச்சம்பழம்

"இந்த மீசைக்கு வரி போட்டா, பஞ்சாயத்துல ரோடே போட்டுறலாமுங்ணா" என்றாள் ராசாத்தி, தலையை அண்ணாந்து பார்த்தபடி.

எருமப்பட்டியைத் தாண்டி பஸ் அவர்களை இறக்கிவிட்ட இடத்தில், பக்கத்துப் புளியமரத்தைவிட உயரமாக ஒரு விளம்பரத் தட்டி நின்றது. அதில் நாச்சிமுத்துவின் முகம். முகத்தில் பாதி மீசை. மிச்ச இடத்தில் 'மீசை போர்வெல்ஸ்' என்றும், அதற்குக் கீழே 'நிலத்தடி நீர்க் காவலர், பாறை பிளந்த பெருந்தகை' என்றும் எழுதியிருந்தது. இந்தப் பட்டங்களை வழங்கிய சங்கத்துக்குத் தலைவர் யார் என்று விசாரித்தால், அதுவும் நாச்சிமுத்துதான்.

துப்பறியும் சின்னண்ணன் பதில் சொல்லும் நிலையில் இல்லை. நாமக்கல்லிலிருந்து நின்றுகொண்டே வந்ததில், அவருடைய கோட்டுப் பித்தான் ஒன்று யாருடைய கீரைக் கூடையிலோ பயணத்தைத் தொடர்ந்துகொண்டிருந்தது. சேலத்தில் ஒரு டயர் கடை மாடியில் அவருக்கு அலுவலகம். காணாமல் போன லாரிகளைத் தேடிப் பிடித்துப் பெயர் வாங்கியவர். எண்பத்தேழாம் வருஷத்து வெயிலிலும் கோட்டைக் கழற்றாததற்குக் காரணம், உள்ளே சட்டையின் நிலைமை.

ராசாத்தி அவருடைய உதவியாளர். ராசிபுரத்துத் தறிக்காரக் குடும்பத்துப் பெண். முன்பு டெலிபோன் எக்சேஞ்சில் இருந்தாள். இணைப்புக் கொடுத்த கையோடு பேச்சிலும் கலந்துகொண்டதால் வேலை போயிற்று.

"அம்மிணி, வழக்கை இன்னொருக்காச் சொல்லு பாக்கலாம்" என்றார் சின்னண்ணன், தட்டி நிழலில் நின்று.

"நாச்சிமுத்துக்குத் தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வரும். ஆஸ்திரேலியா மாப்பிள்ளை ஒரு மிஷின் அனுப்பிச்சாரு. மூக்கு மேல ஒரு முகமூடி, அதுல ஒரு ஓசுக் குழாய், ஓசுக்கு அந்தப் பக்கம் காத்து ஊதற பொட்டி. காத்து ஊதிக்கிட்டே இருந்தா தொண்டை மூடாது. எத்தனை ஊதோணும்னு மெட்ராஸ் டாக்டரு திருகுல செவப்புக் கோடு போட்டுக் குடுத்தாரு. ஆரம்பத்துல நல்லாத்தான் தூங்குனாரு. அப்பறம் பாத்தா, திருகு அடிமட்டத்துல கெடக்குது. எறக்குனது சம்சாரம் வள்ளியாத்தாள், புருசனை மூச்சடைக்க வெச்சுக் கொல்லப் பாக்கறான்னு தம்பிக்காரர் சின்னராஜ் சொல்றாரு."

"இன்னைக்கு?"

"இன்னைக்குக் கெடா விருந்து. பங்காளிங்க எல்லாம் வாராங்க. பந்தி முடிஞ்சதும் தீர்ப்பு. தீர்ப்பு முடிஞ்சதும் அந்தம்மாவைக் கெங்கவல்லில பொறந்த ஊட்டுல கொண்டுபோய் உடறது. கொலைகாரிங்கற பேரோட."

வாசலில் அம்பாசடர் கார் ஒன்று கெங்கவல்லி இருக்கும் திசையைப் பார்த்து நின்றது. டிக்கியில் ஒரு டிரங்குப் பெட்டி ஏற்கெனவே ஏறியிருந்தது.

"தீர்ப்புக்கு முந்தியே பொட்டி ஏறிருச்சுங்ணா."

"கறி வேகறதுக்கு முந்தியே இலை போடலியா? அது மாதிரி" என்றார் சின்னண்ணன்.

சின்னராஜ் ஓடி வந்து வரவேற்றார். அண்ணனைவிட ஒரு பிடி குறைவான மீசை. அண்ணன் சட்டையைவிட ஒரு பிடி குறைவான வெள்ளை. குடும்பத்தில் இரண்டாம் இடத்தை அப்படித்தான் காட்டியாக வேண்டும்.

"வாங்க, வாங்க. உங்களுக்கு நெம்ப வேலை இல்லீங்க. ஆருன்னு எங்களுக்கே தெரியும். சேலத்துலருந்து துப்பறியறவர் வந்து கண்டுபுடிச்சாருன்னு இருந்தா, நாளைக்கு ஆரும் ஒண்ணும் பேச மாட்டாங்க. நீங்க கண்டுபுடிச்சதாச் சொன்னாப் போதும்."

"சொல்றதுக்கு முந்திக் கொஞ்சம் பாத்துக்கறனுங்க. பழக்கதோஷம்" என்றார் சின்னண்ணன்.

மிஷின் படுக்கையறையில் இல்லை. பக்கத்து அறையில் இருந்தது. மாவு மில்லுக்குச் சித்தப்பா மகன் போல அது சத்தம் போட்டதால், நாச்சிமுத்து சுவரில் ஓட்டை போட்டு ஓசுக் குழாயை மட்டும் படுக்கைக்கு இழுத்துவிட்டிருந்தார். ஓட்டைக்கு மேலே, இரண்டு அறைக்கும் நடுவில், கதவே இல்லாத ஒரு ஜன்னலும் வெட்டப்பட்டிருந்தது.

அங்கே ஒரு நாற்காலியில் வீரன் உட்கார்ந்திருந்தான். நாச்சிமுத்துவின் ரிக் வண்டியில் துளை போடுகிறவன். வருஷக்கணக்காகக் காற்றடிக்கும் கம்ப்ரஷர் பக்கத்திலேயே நின்றதில் காது முக்கால்வாசி போய்விட்டது.

"இங்க என்ன பண்றீங்க?" என்று சின்னண்ணன் கேட்டார். பிறகு கத்திக் கேட்டார்.

"கரண்டு போனா ஜெனரேட்டர் போடோணுமுங்க. போன ஆவணிலருந்து ரிக்குக்குப் போறதில்லீங்க. மொதலாளி தூங்கறப்ப எல்லாம் இங்கதான்."

"மிஷினுக்கு முதுகைக் காட்டி உக்காந்திருக்கறீங்களே?"

"மிஷின் மூஞ்சில என்னங்க இருக்குது? மொதலாளி மூஞ்சியப் பாத்தாப் போதாதுங்களா?"

"இந்தத் திருகைக் கொறைச்சது ஆரு?"

வீரன் எழுந்தே விட்டான். "நானாங்க? காத்தைக் கொறைக்கறதா? மொதலாளி பேரைச் சொல்றனுங்க, என் கை அந்தப் பக்கமே திரும்பாதுங்க!"

ராசாத்தி மிஷினைச் சுற்றி வந்தாள். "இது போடற சத்தத்துல ஒரு மனுசன் மூச்சு நின்னா எப்படித் தெரியும்? மிஷின்தான் தூங்கவே உடாதே" என்றாள்.

கூடத்தில், தன் படத்துக்கு நேர் கீழே நாச்சிமுத்து அமர்ந்திருந்தார். படத்துக்கும் ஆளுக்கும் ஒரே வித்தியாசம், படத்தில் கண் வெள்ளையாக இருந்தது. ஆளுக்கோ இரண்டு கண்ணும் மிளகாய்த் தூள் விழுந்த மாதிரி சிவந்திருந்தன. கன்னத்தில் முகமூடி வார் பதிந்த தடம். மேசையில், வந்தவர்கள் மரியாதைக்குக் கொடுத்த எலுமிச்சம்பழங்கள் ஒரு தட்டு நிறைய. மீசையின் வலது நுனி மட்டும் கொக்கி போல மேலே ஏறியிருந்தது. இடது நுனி சோம்பிக் கிடந்தது.

"துப்பறியறவரே, கருப்பணார் மேல சத்தியம். டாக்டரு கோடு போட்டுக் குடுத்த நாள்லருந்து அந்தத் திருகை இந்தக் கை தொட்டதில்லை. மிஷின் வெச்ச ரூமுக்கே நான் போனதில்லை."

"நம்பறனுங்க. முகமூடில காத்துக் கசியுதுங்களா?"

"கசியும். நம்ம ரிக்குல கசியாத ஓசு ஏது? அதுக்காகத் துளை போடறதை நிறுத்திருவமா? கம்ப்ரஷரை ஏத்துனா எல்லாஞ் சரியாயிரும். எடப்பாடி மில்லுக்காரர் ஒருத்தரும் இதே மிஷின் வாங்கியிருக்கறாராம். அவருது பாதிக் காத்துதானாம். பாவம்."

"டாக்டரு மீசையப் பத்தி ஏதாச்சும் சொன்னாருங்களா?"

நாச்சிமுத்துவின் முகம் இறுகியது. "டாக்டரு வைத்தியத்தப் பத்திப் பேசோணும். அடுத்தவன் மூஞ்சியப் பத்திப் பேசப்படாது."

"சேலத்துலயே ஒரு நெஞ்சு டாக்டரு இருக்காருங்க. அவருகிட்ட ஒருக்காக் காட்டி..."

"மெட்ராசுல பாத்தவன் சேலத்துல வந்து பாக்கறதா? ஊர் என்ன..."

பேசும். ஊர் என்ன பேசும் என்று சொல்ல வந்தவர், 'பேசும்' வருவதற்குள் தூங்கிப்போனார். தலை நெஞ்சில் விழுந்தது. குறட்டை கிளம்பி, உச்சிக்கு ஏறி, சட்டென்று அறுந்தது. சத்தம் இல்லை. ஆனால் வயிறு மட்டும் மேலும் கீழும் முட்டி மோதிற்று. சட்டைப் பித்தான்கள் திணறின. கடைசியில் ஒரு பெரிய செருமலோடு மூச்சு வந்தது. விழிக்கவில்லை.

"ரெண்டு வகை இருக்குதுன்னு சேலத்து டாக்டர் காலைல நம்மகிட்டச் சொன்னாருல்ல, இது மொதல் வகை" என்று சின்னண்ணன் தாழ்ந்த குரலில் சொன்னார். "ரோட்டை மறிச்சுப்போட்டா லாரி நிக்கும். ஆனா எஞ்சின் உறுமிக்கிட்டே இருக்கும். வயிறு பாரு, உறுமுது. வழிதான் அடைச்சிருக்குது."

"ரெண்டாவது?"

"ரோடு காலியா இருக்கும். டிரைவர் தூங்கிட்டான். வண்டி சத்தமில்லாம நிக்கும். மூளையே மூச்சு உடச் சொல்ல மறந்துருது. அதிகமாக் காத்தை ஊதுனா அது வந்தாலும் வரும்னாரு."

"அப்ப மிஷின் ரோட்டையும் தொறக்குது, டிரைவரையும் தூங்க வெக்குது. நல்ல மாப்பிள்ளைதான்" என்றாள் ராசாத்தி.

வள்ளியாத்தாளைச் சமையல்கட்டில் தேடினார்கள். இல்லை. கொல்லையில் தேடினார்கள். இல்லை. அவள் வாசலில் நின்ற அம்பாசடரின் பின் சீட்டில், கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள். மடியில் தூக்குப்போசி. தயிர்ச்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னங்கம்மா, இப்பவே ஏறிட்டீங்க?" என்றார் சின்னண்ணன்.

"இவங்க புடிச்சுத் தள்ளி ஏறுனேன்னு ஒருத்தன் சொல்லக் கூடாதுங்க. அதான் நானே ஏறி உக்காந்துட்டேன். என்னைத் தொரத்தற விருந்துக்கு மசாலா அரைக்க ஆள் இல்லைன்னு வந்து கூப்புட்டாங்க. வேற ஆளைப் பாருங்கன்னுட்டேன்."

"ஒரே கேள்விங்க. திருகைக் கொறைச்சது..."

"நாந்தான்."

சின்னண்ணன் வாயை மூடினார். ராசாத்தி தலையில் கை வைத்துக்கொண்டாள். "அய்யோ அக்கா, கொஞ்சம் மறுத்துத்தான் பேசுங்களேன். எங்களுக்கும் பொழப்பு வேண்டாமா?"

"எதுக்கு மறுக்கோணும்? வீரன் டீ குடிக்கப் போறப்ப எல்லாம் போய்ப் பாப்பேன். எப்பப் பாத்தாலும் திருகு செவப்புக் கோட்டுக்கு மேலதான் நிக்கும். ஆரோ ஏத்தி வெச்சிருப்பாங்க. படுக்கைகிட்ட வந்து பாத்தா இவரு கட்டை மாதிரி கெடப்பாரு. சத்தமில்லை, வகுறு அசையறதில்லை. உலுக்குனா முழிச்சுப் பாத்து, நல்லாத் தூங்குனவனை ஏண்டி எழுப்பறேன்னு வைவாரு. போய்த் திருகை ஒரே எறக்கா எறக்கிருவேன். கொறட்டை வந்துரும். கொறட்டை வந்தா உசுரு இருக்குதுன்னு அர்த்தமில்லீங்களா?"

"இதை அவங்ககிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். காத்தை ஏத்துனா ஆருக்காச்சும் கெடுதி வருமான்னு சிரிச்சாங்க. இந்த ஊட்டுல ஏத்தறது பாவமில்லீங்க. எறக்கறதுதான் பாவம்."

"ஏத்துனது ஆருன்னு தெரியுமா?"

"அதைக் கண்டுபுடிக்கத்தான உங்களைக் கூப்புட்டிருக்குது? இல்ல, சாப்புட்டுப் போலாம்னு வந்தீங்களா?"

காரை விட்டுத் தள்ளி வந்ததும் சின்னண்ணன் கோட்டின் காலரைச் சரிசெய்தார். முடிவுக்கு வந்துவிட்டார் என்று அர்த்தம். "சின்னராஜ்தான், அம்மிணி. அண்ணன் போனா ரிக்கெல்லாம் தம்பிக்கு. பழி அண்ணிக்கு. வெளிச்சமாத் தெரியுது."

"வெளிச்சம் ஜாஸ்தியா இருந்தாக் கண்ணு கூசுமுங்ணா."

"பந்தி முடிஞ்சதும் நாச்சிமுத்தை எல்லாருக்கும் முன்னால தூங்க வெக்கறோம். நீ மிஷின் ரூம்ல இரு. சின்னராஜ் எப்படியும் அந்தப் பக்கம் நழுவுவாரு. கையும் களவுமாப் புடிச்சுரு."

பந்தி முடிந்தது. கூடம் நிறையப் பங்காளிகள் வெற்றிலையோடு உட்கார்ந்தார்கள். கறி உள்ளே போனால் நியாயம் வெளியே வரும் என்பது அந்த வட்டாரத்து நம்பிக்கை. மூத்த பங்காளி ஒருவர் செருமி, "துப்பறியறவர் சொல்லட்டும்" என்றார். வள்ளியாத்தாள் காரிலிருந்து இறங்கி வந்து வாசற்படியில் நின்றாள். உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

"திருகைக் கொறைச்சது இந்த அம்மாதான்" என்றார் சின்னண்ணன்.

கூடமே மூச்சுவிட்டது. சின்னராஜ் கையைத் தூக்கி, "கேட்டீங்களா?" என்றார். யாரோ கார் டிரைவரைக் கூப்பிட்டார்கள்.

"பொறுங்க. ஏத்துனது ஆரு?"

சோற்றில் நெய் ஊற்றியது யார் என்று கேட்டது போல எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். ஏற்றியதைப் போய் ஒரு குற்றமாக விசாரிக்கிறானே என்ற இரக்கம் சில முகங்களில் தெரிந்தது.

"அய்யா ஒரு சின்னத் தூக்கம் போட்டா எல்லாருக்கும் வெளங்கிரும்" என்றார் சின்னண்ணன்.

நாச்சிமுத்துவை வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. கெடாவின் ஒரு தொடை ஏற்கெனவே அவரை வற்புறுத்திக்கொண்டிருந்தது. எழுந்து போய்ப் படுக்கையில் சாய்ந்தார்; கூட்டமும் பின்னாலேயே படுக்கையறைக்குள் வந்தது. முகமூடியைப் பொருத்தி, வாரை இறுக்கிக்கொண்டார். மிஷினைக் கோட்டில் வைத்து ஓடவிட்டாள் ராசாத்தி. நாச்சிமுத்து தூங்கிப்போனதும், சின்னண்ணன் கூடத்துத் தட்டிலிருந்து கொண்டுவந்த ஒரு எலுமிச்சம்பழத்தை அவர் வயிற்றின் உச்சியில், தொப்புள் பள்ளத்தில் அசையாமல் உட்கார வைத்தார்.

"இது எதுக்குங்க, திருஷ்டிக்கா?" என்றார் மூத்த பங்காளி.

"பழத்தை மட்டும் பாத்துக்கிட்டு இருங்க."

அறை நிறையப் பெரிய மனிதர்கள் ஒரு எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார்கள். பழம் ஏறிற்று, இறங்கிற்று. சின்னண்ணன் சின்னராஜுக்குப் பக்கத்தில் ஒட்டி நின்றார், நழுவட்டும் என்று. சின்னராஜ் நழுவவில்லை. பழத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார், வாயைத் திறந்தபடி.

முகமூடிக்கும் மேலுதட்டுக்கும் நடுவில் மீசை இருந்தது. முகமூடி உதட்டில் உட்காரவில்லை. மீசை மேல் உட்கார்ந்திருந்தது. அந்த இடைவெளி வழியே காற்று புஸ்ஸென்று சீறிக் கண்ணுக்கு ஏறியது. தூக்கத்திலேயே நாச்சிமுத்து முகத்தைச் சுளித்தார். வலது கை மெல்ல எழுந்தது. முகமூடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த மீசையின் வலது நுனியைப் பிடித்து, மேலே ஒரு முறுக்கு முறுக்கிவிட்டுப் படுக்கையில் விழுந்தது.

பக்கத்து அறையில் மிஷினின் சத்தம் ஒரு படி கூடியது.

சின்னண்ணன் திடுக்கிட்டுச் சின்னராஜின் கையைப் பிடித்தார். கை அங்கேதான் இருந்தது. ஆளும் அங்கேதான் இருந்தார்.

காற்று அதிகமானதும் சீறல் அதிகமானது. சீறல் அதிகமானதும் கை மறுபடி எழுந்தது. மறுபடி ஒரு முறுக்கு. மறுபடி சத்தம் கூடியது. இன்னொரு முறுக்கு.

எலுமிச்சம்பழம் ஏறியது. இறங்கியது. அப்படியே நின்றது.

குறட்டை இல்லை, திணறல் இல்லை, பித்தான் முட்டல் இல்லை. பழம் மேசையில் வைத்தது போல இருந்தது. முகத்தில் அப்படி ஒரு அமைதி. தட்டியில் போட்டிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும்.

"இன்னங் கொஞ்சம் பாத்தா..." என்று சின்னண்ணன் ஆரம்பித்தார்.

"நீங்க பாத்துக்கிட்டே இருங்க" என்று பங்காளிகளைத் தள்ளிக்கொண்டு வந்தாள் வள்ளியாத்தாள். "உங்க துப்புப் பொறுக்கும். இவரு உசுரு பொறுக்காது!"

முகமூடியைப் பிடுங்கி எறிந்து, தோளைப் பிடித்து உலுக்கினாள். எலுமிச்சம்பழம் உருண்டு மூத்த பங்காளியின் காலடிக்குப் போயிற்று. நாச்சிமுத்து பெரிதாக ஒரு மூச்சை இழுத்துக் கண்ணைத் திறந்தார்.

"ஆருடா காத்தை நிறுத்துனது? பாறை வந்துருச்சா?"

அதே நேரத்தில் நடு ஜன்னலில் ராசாத்தியின் தலை தெரிந்தது. "அண்ணா, புடிச்சுட்டேன்! ஆனா இவரு ஒளியவும் இல்லை, ஓடவும் இல்லை. என் கண்ணு முன்னாலயே ஏத்திட்டு, சரியா இருக்குதுங்களான்னு எங்கிட்டயே கேக்கறாரு!"

அவளுக்குப் பக்கத்தில், கடமையைச் செய்த நிறைவோடு நின்றான் வீரன். மிஷினை நிறுத்திவிட்டு, இவர்கள் கேட்பதையெல்லாம் அவன் காதில் கத்தினாள் ராசாத்தி.

"வீரா, நீயா?" சின்னராஜின் குரல் கீச்சென்று வந்தது. "நீயாடா ஏத்துனே?"

"ஆமாங்க. மொதலாளி ஏத்தச் சொன்னாங்க, ஏத்துனேன்."

"நான் எப்படா சொன்னேன்?" என்றார் நாச்சிமுத்து.

"மீசைய முறுக்குனீங்களே!"

சின்னண்ணனுக்கு எல்லாம் ஒரேயடியாக விளங்கிற்று. விளங்கியது முன்பே தெரியும் என்பது போல முகத்தை வைத்துக்கொள்வதில் அவருக்குப் பயிற்சி உண்டு. "ரிக் ஓடற எடத்துல பேச்சு கேக்குமுங்களா?" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார்.

"எங்க கேக்கும்? எல்லாம் கைச் சாடைதான்" என்றார் ஒரு பங்காளி.

"வீரா, மொதலாளி மீசைய முறுக்குனா என்ன அர்த்தம்?"

"காத்தை ஏத்துன்னு அர்த்தமுங்க. மீசை போர்வெல்ஸ்ல சேந்த அன்னைக்கே சொல்லிக் குடுத்துருவாங்க. ஓசு கசிஞ்சா முறுக்குவாங்க, ஏத்துவோம். பாறை ஒடையலைன்னா முறுக்குவாங்க, ஏத்துவோம். முறுக்குனதுக்கப்பறம் ஏன்னு கேட்டவன் எவனும் கம்பெனில இல்லீங்க."

"அய்யா பொய்ச் சத்தியம் பண்ணலை. அவரு திருகைத் தொடலை. தூங்கிக்கிட்டே உத்தரவு போட்டாரு. இவரு முழிச்சுக்கிட்டே கீழ்ப்படிஞ்சாரு. எறக்கறதுக்குச் சாடை ஏதாச்சும் உண்டா, வீரா?"

வீரன் யோசித்தான். "எறக்கச் சொன்னதே இல்லீங்களே."

"இத்தனை நாளா ஏண்டா வாயத் தொறக்கலை?" என்றார் சின்னராஜ்.

"கொறைச்சது ஆருன்னுதானுங்க கேட்டீங்க. ஏத்துனது ஆருன்னு இந்த ஊட்டுல ஒருத்தருமே கேக்கலீங்க."

அறையில் இருந்த பெரிய மனிதர்கள் பலருக்கு அப்போதுதான் வெற்றிலை மெல்ல ஞாபகம் வந்தது.

சின்னண்ணன் சுருக்கமாகச் சொன்னார். "நாம வெளிய உடற கரிக்காத்து ஒடம்புக்குள்ள கொஞ்சம் சேரோணும். சேந்தாத்தான் மூளை, மூச்சை இழுன்னு உத்தரவு போடும். இப்படி அடிச்சு ஊதுனா அது பூராவும் வெளிய போயிருது. மூளை சும்மா இருந்துருது. அம்மா பண்ணதும் முழுசாச் சரியில்லீங்க. அடிமட்டத்துல வெச்சாத் தொண்டை அடைக்கும்."

"அடைச்சாச் சத்தமாச்சும் வரும்ல?" என்றாள் வள்ளியாத்தாள். "இவங்க ஏத்தி வெச்சதுல அதுவுமில்லாமப் போயிச் சேந்திருப்பாரு. அப்பறம் என்னைத்தான கைகாட்டியிருப்பீங்க?"

பங்காளிகள் கூரையைப் பார்த்தார்கள்.

"சரி, இனி ஒரு ஆளை வெச்சு..." என்று இழுத்தார் சின்னராஜ்.

"ஆளை வெச்சுத்தான இந்தக் கதி? கசியறதாலதான் கையி மீசைக்குப் போகுது. கசியறது மீசையால." அவள் அலமாரியைத் திறந்து சவர டப்பாவை எடுத்துக் கட்டிலில் வைத்தாள். "எடுங்க."

அறை அதிர்ந்தது. அத்தனை நேரம் மூச்சு நின்றதற்கு எழாத கூச்சல் இப்போது எழுந்தது. மூத்த பங்காளி நெஞ்சில் கை வைத்தார். "அம்மிணி, மீசைங்கறது குலத்துக் கௌரவம்!"

"குலம் இவரு மூக்கு வழியாவா மூச்சு உடுது, மாமா?"

"கம்பெனி பேரே மீசைங்க, அண்ணி. வண்டிக்கு வண்டி படம் போட்டிருக்குது" என்றார் சின்னராஜ்.

"செத்தவரு படத்துலகூட மீசை இருக்கும், சாமி. மாலையும் இருக்கும்."

நாச்சிமுத்து பங்காளிகளைப் பார்த்தார். தரையில் கிடந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். "நின்னுதா? நெசமாவே நின்னுதா?" என்று வீரனைக் கேட்டார். பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் அவன்தான் என்று அவருக்கு இன்று தெரிந்திருந்தது.

"நின்னுதுங்க, மொதலாளி. நானும் ஜன்னல்ல பாத்தேன். ஒருபாடு நேரம் நின்னுது."

நாச்சிமுத்து சவர டப்பாவை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"குற்றவாளிய இத்தனை சீக்கிரம் தூக்குல போட்டு நான் பாத்ததில்லீங்ணா" என்று ராசாத்தி சின்னண்ணன் காதில் சொன்னாள்.

கதவு திறந்தது. வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு நிலத்தடி நீர்க் காவலர் வந்தார். துண்டை எடுத்ததும், அங்கே உரம் கடையில் கணக்கு எழுதுகிறவரைப் போல ஒரு சாதுவான மனிதர் நின்றுகொண்டிருந்தார். பங்காளிகள் ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடிப் போனார்கள். மாடு பிடித்துக் கட்ட வேண்டும் என்றார் ஒருவர்; அவருக்கு மாடே கிடையாது.

சின்னராஜ் வழியை மறித்து நின்று கைகளைப் பிசைந்தார். "மனசுல ஒண்ணும் வெச்சுக்காதீங்க, அண்ணி. பொட்டிய எறக்கச் சொல்லட்டுமா?"

"எறக்க வேண்டாம். அங்கயே இருக்கட்டும். ஏத்தறப்ப எங்கிட்ட ஆரும் கேக்கலியே? எறக்கறதை நான் சொல்றப்பச் சொல்றேன்."

நாச்சிமுத்து படுத்தார். வள்ளியாத்தாள் முகமூடியைத் துடைத்து அவர் மூக்கில் வைத்துப் பார்த்தாள். வெறும் உதட்டில் அது சிந்தாமல் சிதறாமல் உட்கார்ந்தது. வாரை இரண்டு துளை தளர்த்தினாள். வீரன் திருகைச் சிவப்புக் கோட்டில் வைத்துவிட்டு, கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான், அவளுடைய உத்தரவு.

"நாளைக்குக் காத்தால சேலத்து டாக்டருகிட்டப் போறோம். திருகு எங்க நிக்கோணும்னு அவரு சொல்லட்டும்" என்றாள்.

மெட்ராசில் பார்த்ததைப் பெருமையாகச் சொன்ன நாச்சிமுத்து தலையை ஆட்டினார். முகமூடியை ஒரு விரலால் தூக்கிக்கொண்டு, வெகுநாள் கழித்து மெதுவான குரலில் கேட்டார்.

"வள்ளியாத்தா, நான் தூங்குனதும் நீ கார்ல ஏறிப் போயிருவியா?"

அவள் முகமூடியை இழுத்து மறுபடி மூக்கில் பொருத்தினாள்.

"இருக்கறனா, போயிட்டனான்னு எந்திரிச்சுப் பாருங்க. அதுக்கு மொதல்ல நீங்க எந்திரிக்கோணும். கண்ண மூடுங்க."